இடது பக்கம் ஒதுங்கிய எண்கள்

எங்கள் முதலாளிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். குரல் கீழே இறங்கிவிடும். அதனால்தான் அன்று காலை உப்பளத்து வாசல் டீக்கடையில் அவர் பேசியது காதில் விழ வேண்டுமே என்று, மூட்டை ஏற்றுகிற ஆட்கள் அத்தனை பேரும் கிளாஸைக் கையில் பிடித்தபடி, ஒரு வாய் குடிக்காமல் நின்றார்கள்.

"ஏம்பா, உன்ன நம்பித்தான இத்தன வருஷமா அம்பாரத்த உட்டுட்டு நான் வீட்ல தூங்கறேன்? நான் குடுத்த சாக்குக்கும் லாரியில ஏறுன மூட்டைக்கும் இவ்ளோ இடிக்குதே. சாக்கு றெக்க மொளைச்சி பறந்துச்சா?"

அவர் கேட்டது என் சித்தப்பாவை. அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. பாத்தியில் வாரிய உப்பைக் குவித்து வைப்பதைத்தான் அம்பாரம் என்போம். அந்த அம்பாரத்திலிருந்து உப்பைச் சாக்கில் அள்ளித் தைத்து லாரியில் ஏற்றும்போது, லாரியின் பின்பக்கம் நின்று மூட்டைகளை எண்ணிச் சீட்டில் எழுதுகிற வேலை அவருடையது. எண்ணுகிற வாய் அவர் வாய் என்றால், எங்கள் பக்கத்தில் லாரி டிரைவர்கள் மறுபடி எண்ண மாட்டார்கள். அப்படி ஒரு பேர்.

சித்தப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே திரும்பவும் துடைத்தார். பேசியது மூட்டை தைக்கிற அக்காதான். கோணி ஊசியை முந்தானையில் செருகிக்கொண்டே முன்னால் வந்தாள்.

"இன்னா முதலாளி, ஒவ்வொரு மூட்டையும் என் ஊசிக்குத் தப்பி போவாது. அவரு திருடுனாருன்னா நானும் கூடத்தான் திருடி இருக்கேன். என்னயும் சேத்து சொல்லுங்க."

"நான் சொல்லலம்மா. கம்ப்யூட்டர் சொல்லுது."

"அது கரண்டு போனா கண்ண மூடிக்குது. அதுவா எங்களுக்கு சாட்சி?"

யாரோ ஒருத்தர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்கள் பேசுவதைக் காதில் பொறுக்கிச் சேர்த்து வைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்து உள்ள பழக்கம், அந்த அக்கா பேசியதை மட்டும் தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் அந்த நிமிஷம் எல்லார் கண்ணும் என்மேல் திரும்பியது. ஏனென்றால் அந்தக் கம்ப்யூட்டரில் அடிக்கிறவள் நான். சீசன் மொத்தத்தை முந்தின நாள் பிரிண்ட் எடுத்து முதலாளி கையில் கொடுத்தவளும் நான். அந்த ஆபீஸில் எனக்கு வேலை கேட்டு வாங்கிக் கொடுத்தவர், அங்கே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற மனிதர்.

அது சுனாமி வந்து போனதற்கு அடுத்த வருஷம். பாத்திகளில் கடல் கொட்டிவிட்டுப் போன சேற்றை வாரவே நாள் பிடித்தது, உப்பு தாமதமாகத்தான் இறங்கியது. ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியவர், "இனிமே இந்தக் கடல் பக்கம் தல வெச்சி படுக்க மாட்டேன்" என்று மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாகத்தான் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். பாண்டிச்சேரியிலிருந்து அதைக் கொண்டுவந்து மாட்டிய ஆள், எக்ஸெல்லில் அழகாகக் கட்டம் போட்டுக் கொடுத்தார். லாரிக்கு மேலிருந்து கீழாக ஒரு வரிசை. ஆட்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு மூட்டை தூக்கி ஏற்றிவிட்டு வந்தால் அது ஒரு நடை. நடைக்கு ஒரு கட்டம். அடியில் மொத்தம். எல்லா எண்ணும் கட்டத்துக்கு நடுவில் கோலப்புள்ளி மாதிரி நிற்கும்படி செய்துவிட்டு, "சீட்டுல இருக்கறத இருக்கற மாதிரியே அடிம்மா. கூட்டறத அது பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் அப்படியே அடித்தேன். அது கூட்டியது. சீசன் முடிந்து மழை வரப்போகிற நேரத்தில், மிச்சம் இருக்கிற சாக்கை எண்ணிப் பார்த்தபோதுதான் இடித்தது. கம்ப்யூட்டர் சொன்ன மூட்டையைவிட, செலவான சாக்கு நூற்றுக்கணக்கில் அதிகம். அப்படியானால் கணக்கில் வராமல் அத்தனை மூட்டை வெளியே போயிருக்கிறது. எண்ணினவர் கண் முன்னால்.

"சாயந்தரம் கூட்டாளி பாண்டிச்சேரியிலருந்து வர்றாரு. ரெண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம். அதுக்குள்ள எதாவது சொல்றதா இருந்தா வந்து சொல்லு" என்றார் முதலாளி.

சித்தப்பா சீட்டுக் கட்டையும் பென்சிலையும் டீக்கடை பெஞ்சின்மேல் வைத்தார். வீட்டைப் பார்த்து நடந்தார். அனுமந்தை ரோட்டில் அவர் முதுகு சின்னதாகிக்கொண்டே போவதை எல்லாரும் பார்த்தோம்.

நான் முதலாளி பின்னாலேயே ஆபீஸுக்குள் போனேன். "சார், ஒரு தடவ திரும்பப் பாக்கறேன் சார். சாயந்தரத்துக்குள்ள."

"எத்தன தடவ பாத்தாலும் அது அதையேதான் சொல்லும்."

"பாக்கறேன் சார்."

"தோ பாரும்மா. மிஷினு யாருக்கும் சொந்தக்காரன் இல்ல. நீ சொந்தக்காரி. அடிச்சி வெச்சதுல ஒரு எழுத்து, ஒரு நம்பர் மாறக் கூடாது. நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

சொன்னபடியே நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு, பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேப்பரைப் புரட்டுகிற சத்தமே வரவில்லை. அவர் படிக்கவில்லை, என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு என்ன தெரியும்? திண்டிவனத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாதிக் கோர்ஸ். பஸ்ஸுக்கு அலைந்து அலைந்து போய்க்கொண்டிருந்தேன், அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது நின்றுவிட்டேன். கட்டத்தில் சமம் குறி போட்டு 'சம்' என்று அடித்தால் கூட்டும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்த ஆபீஸில் மத்தியான நேரத்தில் நானாகக் கிளறிப் பார்த்துக் கற்றுக்கொண்டது. கீபோர்டில் மேல் வரிசையில் 'எஃப் ஒன்' பட்டனை அழுத்தினால் ஒரு உதவிப் பக்கம் திறக்கும். எல்லாம் இங்கிலீஷ். பள்ளிக்கூடத்து டிக்‌ஷனரியை மேஜை டிராயரில் வைத்திருந்தேன். ஒரு வாக்கியத்துக்கு மூன்று வார்த்தை தேட வேண்டியிருக்கும். ஆனாலும் எனக்கு அந்தப் பக்கத்தைப் பிடிக்கும். அது யாரையும் திட்டாது, எத்தனை முறை கேட்டாலும் முதல் தடவை போலவே பதில் சொல்லும்.

முதல் லாரியின் மொத்தத்தை அழுத்திப் பார்த்தேன். 'சம்' சரியாகத்தான் இருந்தது. முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை. அடுத்த லாரி. அதற்கு அடுத்தது. எங்கேயாவது ஒரு கட்டம் விட்டுப்போயிருக்காதா என்று தேடினேன். விடவில்லை. வியர்வை புருவத்தில் இறங்கியது. உப்புக் காற்றில் சிபியு-வின் ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடித்து, அது ஓடும்போது ஒரு உறுமல் வரும். அன்று அந்த உறுமல் சித்தப்பாவுக்கு எதிராகப் பேசுகிற மாதிரியே இருந்தது.

"என்ன, மாறுச்சா?" என்றார் முதலாளி.

"இல்ல சார்."

மத்தியானம் சித்தி வந்தாள். ஆபீஸ் வாசல்படியில் ஏறவில்லை. வெயிலிலேயே நின்றாள். நான் எழுந்து போனேன், முதலாளி தலையைத் திருப்பி இரண்டு பேரையும் பார்த்தார்.

"பாயப் போட்டு செவுத்தப் பாத்துப் படுத்துக்கினு இருக்கறாரு. பச்சத் தண்ணி எறங்கல" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "நீதான குடுத்த அந்தப் பேப்பர?" என்றாள்.

"சித்தி, அதுல வந்தத..."

"வந்துச்சாம். சாமி வந்து சொன்ன மாரி. ஊரே சொல்லுது, பெத்த பொண்ணு மாரி வளத்தாரு, அவளே காட்டிக் குடுத்துட்டான்னு. நான் இல்லன்னு சொல்லிக்கினு வர்றேன். நீ எனக்கு ஒரு வார்த்த சொல்லு. அவரு எடுத்தாரா?"

"இல்ல."

"உனக்கு எப்பிடித் தெரியும்? கணக்கு பாத்தியா, மனசு பாத்தியா?"

அந்த நிமிஷம்வரை நான் மனசைத்தான் பார்த்திருந்தேன். மனசைப் பிரிண்ட் எடுத்து ஸ்டேஷனில் கொடுக்க முடியாது. சித்தி திரும்பிப் போனாள். போகும்போது செருப்பு போடாமல் வந்திருக்கிறாள் என்பதைக் கவனித்தேன்.

உள்ளே வந்து உட்கார்ந்தேன், கரண்ட் போனது. யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. சேவ் செய்து அணைத்தேன். ஃபேன் நின்று, ஆஸ்பெஸ்டாஸ் கூரை சூட்டை இறக்கியது. முதலாளி பேப்பரால் விசிறிக்கொண்டார். ஜன்னல் கம்பிக்கு வெளியே மூட்டை தைக்கிற அக்காவின் முகம் தெரிந்தது.

"இன்னாடி, சாட்சிக்காரரு தூங்கிட்டாரா?"

"போம்மா, வேலயப் பாரு" என்றார் முதலாளி.

"எண்ணுற ஆளயே தொரத்திட்டீங்க, இன்னா வேல பாக்கறது? லாரி நிக்குது. டிரைவரு யாருன்னா எண்ணுங்கன்றான். யாரு எண்ணுனாலும் நாளைக்கித் திருடன்தான்னு ஒருத்தனும் முன்ன வர மாட்றான்."

முதலாளி விசிறுவதை நிறுத்தினார்.

கரண்ட் வந்தபோது வெயில் ஜன்னலைத் தாண்டி மேஜைக்கு வந்திருந்தது. திரும்ப உதவிப் பக்கத்தைத் திறந்தேன். கூட்டுவதற்கு 'சம்' போல, எத்தனை கட்டத்தில் எண் இருக்கிறது என்று சொல்ல 'கவுன்ட்' என்று ஒன்று இருப்பதாகப் போட்டிருந்தது. ஒரு லாரிக்கு எத்தனை நடை என்று பார்க்கலாமே என்று, காலியாகக் கிடந்த ஓர் ஓரத்தில் அடித்தேன். முதலாளி உடனே முன்னால் சாய்ந்தார்.

"எதயும் மாத்தல சார். எண்ணிப் பாக்கறேன்."

பத்து என்று வந்தது. திரையில் விரல் வைத்து எண்ணினேன். பதினொன்று. கண் தப்பியிருக்கும் என்று திரும்ப எண்ணினேன். பதினொன்றுதான். அடுத்த லாரி: மிஷின் எட்டு என்றது, விரல் ஒன்பது என்றது. அதற்கு அடுத்ததும் அப்படியே. ஒவ்வொரு லாரியிலும் ஒரு கட்டம் என் கண்ணுக்குத் தெரிகிறது, மிஷின் கண்ணுக்குத் தெரியவில்லை. எது?

எழுத்தை மாற்றக் கூடாது, ஆனால் நிறுத்தும் இடத்தை மாற்றலாம் இல்லையா? முதலாளியிடம் கேட்டேன். "நடுவுல நிக்கறத எடுத்துட்டுப் பாக்கறேன் சார். எண்ணு மாறாது." அவர் யோசித்துவிட்டு, "செய்" என்றார். கம்ப்யூட்டர் மாட்டிய பாண்டிச்சேரிக்காரர் அழகுக்காக எல்லாவற்றையும் நடுவில் நிறுத்தியிருந்தார் இல்லையா, மொத்தப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்து, அந்த நடுவை எடுத்தேன்.

கூட்டம் கலைந்த மாதிரி எல்லாம் ஓடின. எண்கள் எல்லாம் கட்டத்தின் வலது சுவரோடு போய் ஒட்டிக்கொண்டன. ஒவ்வொரு லாரியிலும் முதல் கட்டம் மட்டும், அத்தனை லாரியிலும், இடது பக்கமாக ஒதுங்கி நின்றது.

திண்டிவனத்தில் கற்றுக்கொடுத்தவர் போகிற போக்கில் சொன்னது அது: கை வைக்காமல் விட்டால் எண் வலது பக்கம் போகும், எழுத்து இடது பக்கம் நிற்கும். இடது பக்கம் நிற்பதை மிஷின் எண்ணாகவே பார்க்காது.

எங்கள் ஊரில் எதை எண்ணினாலும், நெல்லோ உப்போ மீன் கூடையோ, முதலாவதை யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்பார்கள். லாபம், ரெண்டு, மூணு. ஒற்றையாக ஆரம்பித்தால் ஒற்றையாகவே நின்றுவிடும் என்று ஒரு கூச்சம். சித்தப்பாவும் ஒவ்வொரு லாரிக்கும் முதல் நடையைச் சீட்டில் 'லாபம் 18' என்றுதான் எழுதுவார். மற்ற நடைக்கெல்லாம் வெறும் எண். நான் சீட்டில் இருப்பதை இருப்பது மாதிரியே, இங்கிலீஷ் எழுத்தில் லாபம் என்று அடித்து, ஒரு இடம் விட்டு, 18 என்று அடித்திருந்தேன். ஆக, அந்தப் பதினெட்டு மூட்டை அந்தக் கட்டத்தில் இருக்கிறது, படிக்கவும் முடிகிறது, ஆனால் மிஷினுக்கு அது ஒரு வார்த்தை. வார்த்தையை அது எப்படிக் கூட்டும்? ஒரு சத்தமும் போடாமல் தாண்டிப் போய்விட்டது. சீசன் முழுக்க, ஒவ்வொரு லாரியிலும், முதல் நடையை.

"சார்!" என்றேன். என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. விளக்கிச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி, திரையைப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "இவ்ளோ நாளா அது சொல்லலையே?"

"அதுக்கு சொல்லத் தெரியாது சார். எர்ரர்னு கூட வராது. உட்டுட்டுப் போய்டும்."

"அப்ப இத்தன லாரிக்கும் நீ என்ன பண்ணுவ? லாபம்ன்றத அழிச்சிட்டு நம்பர போடுவ. அதத்தான காலையிலயே வேணாம்னேன். நாளைக்கி கூட்டாளி கேப்பாரு, அண்ணன் பொண்ணு உக்காந்து திருத்திட்டான்னு. நான் என்ன சொல்றது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் தொடாமல் நிரூபிக்க வேண்டும். அந்த வார்த்தைக்குள்ளே இருக்கிற எண்ணை, வார்த்தையைக் கலைக்காமல், வெளியே எடுக்க வேண்டும்.

டிக்‌ஷனரியைத் திறந்து வைத்துக்கொண்டேன். உதவிப் பக்கத்தில் எழுத்துக்கென்றே ஒரு பட்டியல் இருந்தது. 'லெஃப்ட்' என்றால் இடப்பக்கத்திலிருந்து இத்தனை எழுத்தை வெட்டித் தரும். 'ரைட்' வலப்பக்கத்திலிருந்து. 'மிட்' என்றால் நடுவில், நாம் சொல்கிற எழுத்திலிருந்து. மீனை எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்வது போலத்தான். லாபம் என்பது இங்கிலீஷில் labam, ஐந்து எழுத்து, பிறகு ஒரு இடம், ஏழாவதில் எண் ஆரம்பம். புதுப் பக்கம் ஒன்றைத் திறந்து, பழைய பக்கத்தின் கட்டத்தைக் காட்டி, 'மிட்', ஏழிலிருந்து மூன்று எழுத்து என்று அடித்தேன். 18 வந்தது. தனியாக, சுத்தமாக.

கீழே இழுத்தேன். மற்ற கட்டமெல்லாம் காலி. சரி, வெறும் எண்ணில் ஏழாவது எழுத்துக்கு எங்கே போவது? முதல் கட்டத்துக்கு மட்டும் 'மிட்', மற்றது அப்படியே என்று வைத்துக் கூட்டினேன். மொத்தம் மாறவில்லை. அதே பழைய குறைச்சல் மொத்தம்.

முதலாளி பேப்பரை மடித்தார். "மணி ஆவுதும்மா."

வந்த 18-ஐப் பார்த்தேன். அதுவும் இடது பக்கம்தான் நின்றது. வார்த்தையிலிருந்து வெட்டி எடுத்தது வார்த்தையாகவே இருக்கிறது, பார்க்கத்தான் எண். அதை எண்ணாக்க 'வேல்யூ' என்று ஒன்று இருந்தது. போட்டேன். 18 துள்ளி வலது பக்கம் போனது. அழுகை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

ஆனால் ஒவ்வொரு லாரிக்கும் முதல் கட்டத்துக்கு ஒன்று, மற்றதற்கு வேறொன்று என்று அடித்துக்கொண்டிருந்தால் சாயந்தரம் போய்விடும். நடுவில் நான் கை தப்பினால் அதுவே எனக்கு எதிராகும். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே ஃபார்முலா வேண்டும். எல்லாவற்றுக்கும் 'மிட்', 'வேல்யூ' என்று போட்டுப் பார்த்தேன். திரை முழுக்க எர்ரர், எர்ரர் என்று பல்லை இளித்தது.

"என்னது இது, மொத்தமும் போச்சா?" முதலாளி எழுந்தே விட்டார்.

"இது வேற பக்கம் சார். பழசு அப்பிடியேதான் இருக்குது. தோ பாருங்க." பழைய பக்கத்தைக் காட்டினேன். அவர் நின்றபடியே இருந்தார், உட்காரவில்லை.

பட்டியலில் இன்னும் கீழே போனேன். வாயில் நுழையாத நீளப் பேர் ஒன்று: 'சப்ஸ்டிடியூட்'. டிக்‌ஷனரியில் 'பதிலாக வை' என்று இருந்தது. ஒரு வார்த்தை இருந்தால் எடுத்துவிட்டு நாம் சொல்வதை வைக்கும். இல்லாவிட்டால் சும்மா விட்டுவிடும். அதேதான்! லாபம் இருந்தால் எடுத்துவிடு, பதிலுக்கு ஒன்றும் வைக்காதே. இல்லாவிட்டால் தொடாதே. வந்ததை 'வேல்யூ' செய்துகொள். அடித்தேன். முதல் கட்டம் சரி. இரண்டாவது சரி. லாரி முடிகிறவரை இழுத்தேன். எல்லாம் வலது சுவரோடு நின்றன.

சில லாரிகளில் மட்டும் திரும்ப எர்ரர். அங்கே நான் லாபத்தைப் பெரிய எழுத்தில் அடித்திருந்தேன். அதற்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. எல்லாவற்றையும் முதலில் பெரிய எழுத்தாக்கும் 'அப்பர்' என்பதை உள்ளே செருகினேன். அதுவும் சரியானது. லாரிக்கு லாரி நடை கூடக் குறைய இருக்கும், காலிக் கட்டம் வந்தால் எர்ரர், அதனால் ஒவ்வொரு லாரியும் முடிகிற இடம்வரை பார்த்துப் பார்த்து இழுத்தேன். மாதம் மாதமாக. வெளியே ஒரு கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"கூட்டாளி வந்துட்டாரு" என்றார் முதலாளி. பிறகு, "நீ முடி" என்றார்.

கூட்டாளி உள்ளே வந்து, கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "கெளம்பலாமா?" என்றார்.

"இருங்க. பொண்ணு ஒரு கூட்டல் பாக்குது."

கடைசி மாதத்தை இழுத்து முடித்தேன். 'சம்' அடித்தேன். வந்த எண்ணைப் பார்த்துவிட்டு முதலாளி பக்கத்தில் கிடந்த சாக்குக் கணக்கைப் பார்த்தார். திரும்பத் திரையைப் பார்த்தார். செலவான சாக்கோடு உரசிக்கொண்டு நின்றது. கொஞ்சம்தான் இடித்தது. அது கிழிந்து போன சாக்கு, இரட்டையாக உள்ளே போட்ட சாக்கு என்று ஒவ்வொரு வருஷமும் போவதுதான்.

அவர் அதை அப்படியே நம்பிவிடவில்லை. பென்சிலை எடுத்து, "அந்த லாரி" என்று திரையில் ஒரு வரிசையைக் காட்டினார். பேப்பர் ஓரத்தில், நடை நடையாக, லாபத்தோடு சேர்த்துக் கூட்டினார். புதுப் பக்கத்தில் வந்த மொத்தமும் அதுவும் ஒன்றாக இருந்தது. "அந்த லாரி." அதுவும். "கடைசி." கூட்டாளி ஒன்றும் புரியாமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பழைய மொத்தத்த வெச்சித்தான பில்லு போட்டோம், இந்த லாரிங்களுக்கெல்லாம் கொறச்சலா போயிருக்குமே" என்றார் கூட்டாளி, விஷயம் கொஞ்சம் பிடிபட்டதும். "வாங்குனவன் ஒருத்தன் கூட வாயத் தொறக்கலியா?"

"நீங்க தொறப்பீங்களா?" என்றார் முதலாளி. பிறகு பென்சிலைக் கீழே வைத்தார். "ஸ்டேஷன் வேணாம்."

நான் தண்ணீர் குடித்தேன். முதலாளி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "உங்க சித்தப்பாவ இனிமே ஒண்ணுன்னு எழுதச் சொல்லு" என்றார்.

"அத நான் சொல்ல மாட்டேன் சார். அந்த வார்த்தைக்கு நான் தனியா ஒரு கட்டம் போட்டுக்கறேன்."

அவர் கூட்டாளியின் கார் டிரைவரை அனுப்பி, கையோடு சித்தப்பாவை அழைத்துவரச் சொன்னார். டிரைவர் தனியாகத் திரும்பி வந்தார்.

"வர மாட்டேன்றாரு. 'சொன்ன எடத்துல வந்து, சொன்ன ஆளுங்க முன்னால சொல்லட்டும்'ன்றாரு. அந்த அம்மாவும் கதவ சாத்திட்டாங்க."

முதலாளியின் முகம் இறுகியது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போனேன். கணக்கு நேரானது, ஆனால் இந்த மனிதர் டீக்கடைக்கு வந்து ஆட்கள் முன்னால் வாயைத் திறப்பாரா? அதற்கு எந்த ஃபார்முலாவும் இல்லை.

மறுநாள் காலை சித்தப்பா டீக்கடைக்கு வந்தார். சித்திதான் அனுப்பியிருக்க வேண்டும், சட்டை தேய்த்திருந்தது. ஓரப் பெஞ்சில் உட்கார்ந்தார். என்னைப் பார்த்தார். எனக்கு அவர் பக்கத்தில் உட்காரவும் பயம், தள்ளி நிற்கவும் பயம். ஏற்றுகிற ஆட்கள் லாரியை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். நேரம் போய்க்கொண்டிருந்தது. "வர மாட்டாருப்பா" என்று ஒருவர் முணுமுணுத்தார்.

முதலாளி வந்தார். நடந்தே வந்தார். டீக்கடைக்காரரிடம், "எல்லாருக்கும் ஒரு டீ போடு" என்றார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், "கணக்கு சரியாயிடுச்சு" என்றார்.

அவ்வளவுதானா என்று எல்லாரும் நின்றார்கள். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தக் கணக்கு முதலாளி?" என்றாள் மூட்டை தைக்கிற அக்கா. "இவரோடதா, உங்க பொட்டியோடதா?"

டீ ஆற்றுகிற சத்தம் கூட நின்றது. முதலாளி அக்காவைப் பார்த்தார், அப்புறம் சித்தப்பாவைப் பார்த்தார்.

"பொட்டியோடது. மொத நடைய அது கூட்டவே இல்ல. இவரு எண்ணுனதுல, எழுதுனதுல ஒரு தப்பும் இல்ல. நேத்து நான் சொன்னது தப்பு. போதுமா?"

"எங்களுக்குப் போதும். அவரக் கேளுங்க" என்றாள் அக்கா.

சித்தப்பா டீயை வாங்கினார். மெதுவாகக் குடித்தார். கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு, முதலாளியிடம் பேசாமல் என்னைக் கேட்டார். "பாப்பா, நீ அடிச்சப்புறம் கூட்டறதுக்கு அதுக்கு எவ்ளோ நேரம் ஆவும்?"

"உடனே வந்துடும் சித்தப்பா."

"அப்ப சீசன் முடிஞ்சி எதுக்கு சொல்ற? லாரி கெளம்பறதுக்கு முன்னாடி எங்கிட்ட சொல்லு. நான் மனசுல வெச்சிருக்கறதும் அது சொல்றதும் ஒண்ணானாத்தான் லாரி கெளம்பும்." பிறகுதான் முதலாளியைப் பார்த்தார். "அப்பிடின்னா வர்றேன்."

"செய்யலாம்" என்றார் முதலாளி.

சித்தப்பா எழுந்து அம்பாரத்தைப் பார்த்து நடந்தார். நேற்று ஏற்றாமல் நின்ற லாரியின் டிரைவர், வாயில் பல்குச்சியோடு, பின்பக்கக் கதவை இறக்க ஓடினார். ஆட்கள் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் பின்னால் போனார்கள். மூட்டை தைக்கிற அக்கா மட்டும் முதலாளி வாங்கிக் கொடுத்த டீயைத் தொடவில்லை. பெஞ்சில் ஆடை படிய விட்டுவிட்டு, ஊசியில் சணல் கோத்துக்கொண்டே நடந்தாள்.